காடைக் கூடு: எந்த வலை, எந்த இடம், எந்த மருந்து?

கொழும்பில் காடை வளர்ப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். மரநாய், பூனை, எலி வராமல் கூட்டை எப்படி அடைப்பது? காயமே இல்லாமல் காலையில் செத்துக் கிடக்கும் காடைக்கு என்ன நடந்தது? பல வீடுகளில் இவை இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். திடுக்கிட்ட காடை நேராக மேலே எகிறும். கூரையில் தலை மோதினால் அங்கேயே உயிர் போகலாம். அதற்குப் பூனை உள்ளே நுழைய வேண்டியதில்லை, கூட்டின் மேல் குதித்தாலே போதும். அதனால், நகத்தையும் பல்லையும் தடுக்கிற கூடு பயத்தையும் தடுக்கிறதா என்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் வலை. அறுகோணக் கண் உள்ள கோழி வலை மலிவு, வளைக்கச் சுலபம். ஆனால் அது கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். ஓர் அங்குலக் கண்ணுக்குள் இளம் எலியும் சிறிய பாம்பும் புகுந்துவிடும். மரநாய் கையை விட்டுக் காடையின் தலையையோ காலையோ பிடித்து இழுக்கும். தலையில்லாத உடல் கூட்டுக்குள்ளேயே கிடந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அரை அங்குல வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக் கண் வலை) விலை கூடத்தான், ஆனால் காசு போட வேண்டிய இடம் அதுதான். புறக்கோட்டைக்குப் பக்கத்தில் பழைய சோனகத் தெருவில் கடை கடையாகப் பார்த்துத் தடித்த கம்பியாக வாங்குங்கள். சுண்டெலிக்கு அரை அங்குலமும் போதாது, கால் அங்குலம் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். பற்றவைத்த முனைகளை அடிக்கடி விரலால் அழுத்திப் பாருங்கள்.

சரி, நல்ல வலை போட்டாயிற்று. பயம்? நான்கு பக்கமும் வலையாக இருந்தால் வெளியே நடமாடுவதெல்லாம் காடையின் கண்ணில் படும். முழுக்கப் பலகையடித்து மூடினாலோ, ரெஜிஃபோம் (வெள்ளை நுரைப் பலகை) போர்த்தினாலோ, கொழும்பின் புழுக்கத்தில் எச்சத்திலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தேங்கிவிடும். அலகைத் திறந்து இளைக்கும் காடைகள் மத்தியானத்தில் சுருண்டு விழுவதும் ‘காரணம் தெரியாத சாவு’ கணக்கில்தான் சேர்கிறது. எனக்குச் சரியாகப் படுவது நடுவழி: பின்புறமும் இரு பக்கமும் பலகை, அவற்றின் மேல் விளிம்பில் காற்றுக்கு இடைவெளி, அதற்கும் முன்பக்கத்துக்கும் மெஷ். முன்பக்க மெஷ்ஷிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு மெஷ் அடித்தால் எந்தக் கையும் காடைவரை எட்டாது. கூரையைத் தாழ்வாக, 25 முதல் 30 சென்ரிமீற்றருக்குள் வையுங்கள், எகிற வேகம் கிடைக்காது. அதற்குச் சற்றுக் கீழே நிழல் வலைத் துணியை இழுத்துக் கட்டினால் தலை மோதினாலும் அடி பலமாக இராது. சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசு இரவுகளில் இந்தத் துணியின் அருமை புரியும்.

அடித்தளத்திலும் ஒரு இழுபறி உண்டு. மரத்தூள் பரப்பினால் காலுக்கு இதம், ஆனால் எச்சம் காலடியிலேயே கிடக்கும். காடைகளுக்கு வரும் குடற்புண் நோய்க்குக் காரணம் குளோஸ்ட்ரிடியம் என்ற பக்டீரியா. அது எச்சம் வழியாகவே பரவுகிறது. நோயின் வேகத்தில் சில காடைகள் எந்த அறிகுறியும் காட்டாமலே சாகும். கம்பித்தளத்தில் எச்சம் கீழே விழுந்துவிடும், ஆனால் எலி அடியிலிருந்து விரல்களைக் கடிக்கும். நான் கம்பித்தளத்தின் பக்கம்தான். அதற்குக் கீழே விளிம்போடு பொருந்தும் தகரத் தட்டு வைத்தால் எச்சத்தையும் அள்ளலாம், எலியையும் தடுக்கலாம். குஞ்சுகளுக்கு மட்டும் இது ஆகாது, கால் சிக்கிக்கொள்ளும்.

இடம் என்று வந்தால், தொடர்மாடி பல்கனிதான் வளவைவிடப் பாதுகாப்பு. மரநாய் வராது என்று மட்டும் நம்ப வேண்டாம், குழாயைப் பிடித்து ஏறும். மேற்குப் பார்த்த பல்கனியென்றால் வைகாசிக்குப் பிறகு மழைச்சாரல் நேராக அடிக்கும். வளவில் வைப்பவர்கள் மதிலையும் மரக்கிளையையும் விட்டுத் தள்ளி, கால் உயர்ந்த மேசையில் வையுங்கள். எறும்புக்காகக் கால்களைத் தண்ணீர்ப் பேணியில் நிறுத்துவது பழைய வழி. நம் ஊரில் அது டெங்கு நுளம்புக்கும் தொட்டில். ஒரு வாரத்துக்குள் குடம்பி நுளம்பாகிவிடும். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றுவதே நல்லது. கதவுக்கு வெறும் கொளுக்கி போதாது, சிறிய ஆமைப்பூட்டு போடுங்கள்.

எலி நஞ்சு வேண்டவே வேண்டாம். நஞ்சை எலி இழுத்துச் சென்று தீனுக்குள் போட்டுவிடக்கூடும், செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் அது ஆபத்து. இருட்டில் காடை தின்னாது. ஆகவே மாலையில் தீன் பாத்திரத்தை எடுத்து, மிச்சத் தீனை இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டு வையுங்கள். எலியும் குறையும், மழைக்காலத்தில் தீனில் பூஞ்சணமும் பிடிக்காது. பூஞ்சண நஞ்சும் ஈரலைக் கெடுத்துச் சத்தமில்லாமல் கொல்வதுதான்.

இனி, சாவு தொடர்ந்தால் என்ன செய்வது? கடையில் கேட்டு அன்டிபயோட்டிக் தூளைத் தண்ணீரில் கலக்குவது ஒரு வழி, செத்த காடையைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோவது மற்றது. முதல் வழி வேகமாகத் தெரியும். ஆனால் கழுத்து முறிந்ததற்கும் வெக்கைக்கும் மருந்து எதற்கு? அந்த மருந்து முட்டையிலும் இறங்கும், அதைச் சாப்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டாவது வழிக்கு முன் நீங்களே உடலைப் பாருங்கள். உச்சந்தலையில் இரத்தக் கட்டு இருந்தால் கூரையில் மோதியது. நெஞ்சு எலும்பு கத்திபோல் துருத்தி நின்றால் பல நாளாகத் தேய்ந்து வந்த நோய். பெட்டையின் அடிவயிறு கட்டியாக இருந்தால் முட்டை அடைப்பாக இருக்கலாம். எதுவும் தெரியாவிட்டால் கையுறை போட்டு உடலை இரண்டு பைகளில் கட்டி, உணவு வைக்காத குளிர்ப்பெட்டியில் ஐஸுடன் வைத்து அன்றே அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். உறையவிட்டால் உடலுறுப்புகளின் நிலை மாறி, பரிசோதனை கெட்டுவிடும். முடிவு வரும்வரை அந்தக் கூட்டில் புதுக் காடை எதையும் சேர்க்காதீர்கள்.