கேரி ஊதுலைச் சுற்றுலா: ராங்கினில் இரண்டு மணி நேரம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் மகள், பக்கத்து ராங்கினில் உள்ள கேரி ஊதுலைகளை, அதாவது இரும்புத் தாதுவை உருக்கி இரும்பு எடுத்த பழைய உலைகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். முப்பது வருடம் வார்ப்படப் பட்டறையில் நின்றவன் நான். இதைத் தவறவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தலைக்கவசம் அவர்களே தருகிறார்கள். 1907-இல் கட்டிய 6, 7-ஆம் உலைகள்தான் மிச்சம். 92 அடி உயரம். எங்களை அழைத்துப் போனவர் உருக்காலையில் வேலை பார்த்தவர். உலையின் களிமண் அடைப்பைத் துளைத்ததும் இரும்பு மணல் வாய்க்காலில் ஓடி, கீழே நிற்கும் ரயில் வண்டியில் விழும். சூடு ஆறுவதற்குள் ஆற்றுப் பாலம் தாண்டி அக்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் உருக்காலைக்குப் போய்விடும். அதைச் சொல்லும்போது அவர் கை தானாக அந்தத் திசைக்குப் போனது. நான் குனிந்து வாய்க்கால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியிருந்த கசடு கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

இந்த உலைகள் 1978-இல் அணைந்தன. ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடியது. அங்கே இப்போது கடைவளாகம், பழைய ஆலையின் மிச்சமாக 12 புகைபோக்கிகள். ஆனால் பக்கத்து பிராடக்கில் 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்னும் ஓடுகிறது. அதைக் கேட்டதும் மனதுக்கு அவ்வளவு ஆறுதல்.

பாழடைந்து கிடந்த காலத்தில் கலைஞர்கள் பழைய குழாய்களை வளைத்துச் செய்த பெரிய மான் தலையையும் பாருங்கள். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். முட்டிவலிக்காரர்கள் மெதுவாக நடக்கவும்.