19 வருடப் பிரஷர் மாத்திரை: சீட்டை முழுதாகத் திரும்பப் பார்த்த அனுபவம்

எனக்கு இப்போது 76 வயது. 57-இல் பிரஷர் மாத்திரை தொடங்கினேன். நடுவில் மாத்திரை மாறியது, அளவு மாறியது, ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. ஆனால் மொத்தச் சீட்டையும் எடுத்துவைத்து, "இதில் எது இன்னும் வேண்டும்?" என்று ஒருவர் கேட்டது போன வருடம்தான். அதுவும் நான் குளியலறை வாசலில் விழப்போன பிறகு.

முதலில் கொடுத்தது அட்டெனோலால். மூன்றாம் வருடம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டே நாளில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மேல் அளவு 190-ஐத் தாண்டியது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விடவே கூடாது, மாரடைப்பு வரைக்கும் போகலாம் என்று அன்று சொன்னார்கள். அடுத்து வந்த எனலாப்ரிலில் ஓயாத வறட்டு இருமல். பல மாதம் இருமல் மருந்து குடித்த பிறகுதான் அது மாத்திரையால் வந்தது என்று பிடிபட்டது. டெல்மிசார்டனுக்கு மாற்றியதும் நின்றது.

அம்லோடிபினைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 68 வயதில் 5 மில்லிகிராம் சேர்த்தார்கள், 71-இல் அது 10 ஆனது. பிரஷர் நன்றாகக் கட்டுக்குள் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில மாதத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கின. சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும். இதயம், சிறுநீரகம் எல்லாம் பரிசோதித்தார்கள், பழுதில்லை. வீக்கம் வடிய நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரவில் நாலு முறை எழுந்தேன், தூக்கம் போனது, வீக்கம் மட்டும் போகவில்லை.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. அம்லோடிபின் ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய்களைத் தளர்த்துகிறது, திரும்ப எடுத்துப்போகும் குழாய்கள் அந்த அளவுக்குத் தளர்வதில்லை. நடுவில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்த வீக்கமாக இருந்தால்தானே நீர் மாத்திரைக்கு அடங்கும்? ஒரு மாத்திரையின் பக்கவிளைவை இன்னொரு நோயாக நினைத்து அதற்கும் மாத்திரை. மூன்று வருடத்துக்கு மேல் அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி எழுந்த ஓர் இரவில்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்ததால் தப்பித்தேன்.

அதன்பிறகு பார்த்த மருத்துவர், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மூட்டுவலிக்கு நானாக வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக்கும் அதில் இருந்தது. அது பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டனோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கும். வலி மாத்திரைதானே என்று இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. பிறகு உட்காரவைத்துப் பார்த்தார், 128/70. நிற்கவைத்து மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தார், 102/62. நின்றதும் மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயமாம். இத்தனை வருடத்தில் என்னை நிற்கவைத்து யாரும் பார்த்ததே இல்லை. 68 வயதிலிருந்து 9 கிலோ இளைத்திருந்தேன், ரத்தத்தில் சோடியமும் 130-க்குக் குறைந்திருந்தது. மாத்திரை மட்டும் பழைய உடம்புக்கு எழுதியதாகவே இருந்தது.

முதலில் வலி மாத்திரையை நிறுத்தினார், பிறகு நீர் மாத்திரையை. நாலு வாரம் பொறுத்து அம்லோடிபினை 5 ஆக்கினார். ஒவ்வொன்றாகக் குறைத்தால்தான் எது என்ன செய்கிறது என்று தெரியும் என்றார். பக்கவாதம் வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர பயம். பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வை விளக்கினார். 80 வயதோ அதற்கு மேலோ ஆகி, இரண்டோ அதற்கு மேலோ பிரஷர் மாத்திரை போடுபவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஒன்றைக் குறைத்தார்கள். 12 வாரம் கழித்து, குறைத்தவர்களில் 100-க்குச் சுமார் 86 பேருக்கும் குறைக்காதவர்களில் 88 பேருக்கும் மேல் அளவு 150-க்குக் கீழேயே இருந்தது. 12 வாரம் நீண்ட காலமில்லை என்பதையும் அவரே சொன்னார். 80 கடந்தவர்களுக்கும் பிரஷரைக் கட்டுப்படுத்தினால் உயிரிழப்பு குறைகிறது என்று 2008-இல் வந்த ஹைவெட் ஆய்வு காட்டியதையும் சேர்த்தே சொன்னார். அதனால்தான் டெல்மிசார்டனில் கை வைக்கவில்லை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்று வாரத்தில் கால் பழையபடி ஆனது. இரவில் ஒருமுறைதான் எழுகிறேன். மேல் அளவு 134-இலிருந்து 142 வரை நிற்கிறது. ஒருநாள் 156 காட்டி என்னைப் பதறவைத்தது, மாடி ஏறி வந்த கையோடு பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் கையில் பட்டையைக் கட்டுகிறேன்.

என் மனைவியின் சீட்டிலும் அம்லோடிபின் 10 இருக்கிறது, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் இருக்கிறது. வியாழக்கிழமை அதே மருத்துவரிடம் போகிறோம். அவளுடைய மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் எடுத்துவைத்துவிட்டேன்.