ஐஸ் கிரஷருக்கு எந்த ஸ்டார்ட்டர்?

காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை எனக்கு. மோட்டாரைக் கிளப்ப டி.ஓ.எல். (நேரடியாக முழு வோல்டேஜ்), ஸ்டார்-டெல்டா (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த வோல்டேஜ், பிறகு டெல்டாவில் முழு வோல்டேஜ்), சாஃப்ட் ஸ்டார்ட்டர், டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் கருவி) என்று எல்லாவற்றையும் இங்கே ஓட்டிப் பார்த்தாயிற்று. கடையில் "எத்தனை எச்.பி.?" என்றுதான் முதலில் கேட்பார்கள். லோடோடு கிளம்புமா, லோடு இல்லாமலா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அம்மோனியா கம்ப்ரஸருக்கு இன்றும் ஸ்டார்-டெல்டாதான். அன்லோடு செய்துவிட்டுக் கிளப்புவதால், ஸ்டாரில் டார்க் (சுழற்றும் விசை) மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் கவலையில்லை. லைன் கரன்ட்டும் அதே அளவு குறைகிறது. எப்போதாவது கான்டாக்டர் என்ற சுவிட்சை மாற்றுவதோடு செலவு முடிந்தது.

கிரஷர் கதை வேறு. 15 எச்.பி., 415 வோல்ட் மோட்டார். நடுவில் கரன்ட் போனால் பாதி உடைந்த ஐஸ் பல்லுக்குள் சிக்கி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். ஸ்டாரில் போட்டால் உறுமும், நகராது. டைமர் டெல்டாவுக்குத் தள்ளியதும் ஓவர்லோடு ட்ரிப். அப்புறம் கடப்பாரைதான். டி.ஓ.எல். போட்டால் கிளம்பும், ஆனால் 21 ஆம்பியர் மோட்டார் அந்த நேரத்தில் ஆறு மடங்கு இழுக்கும், பெல்ட் வழுக்கிக் கத்தும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் சிபாரிசு செய்தார்கள். அது வோல்டேஜை மட்டும் குறைப்பது. டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும்: பாதி வோல்டேஜ் என்றால் கால் டார்க்தான். இறுகிய ஐஸை அது என்ன செய்யும்? கழற்றி கண்டென்சர் தண்ணீர் பம்புக்குப் போட்டோம். அங்கே அருமை, மெதுவாக நிறுத்துவதால் பைப்பில் அந்த 'டொம்' அடி நின்றுவிட்டது.

கிரஷருக்குக் கடைசியில் டிரைவ். வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் சேர்ந்தே குறைவதால் மோட்டாருக்குள் காந்தப்புலம் தளராது. சில ஹெர்ட்ஸிலேயே நல்ல இழுவை. ஹெவி டியூட்டி ரேட்டிங் கேட்டு வாங்குங்கள், ஒன்றரை மடங்கு கரன்ட்டை ஒரு நிமிடம் தாங்கும். வெக்டர் மோடில் (டிரைவ் டார்க்கைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் முறை) ஆட்டோ டியூனிங் (டிரைவே மோட்டாரை அளந்துகொள்வது) செய்யாமல் ஓட்டாதீர்கள். சிக்கினால் கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்து மறுபடி ஃபார்வர்டு, அவ்வளவுதான். கடப்பாரை மூலையில் துருப்பிடிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கடல் காற்று டிரைவின் சர்க்யூட் போர்டைத் தின்னும். கோட்டிங் போட்ட போர்டும் நன்றாக மூடிய பேனலும் கட்டாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் வேலை குறைவு. அப்போது பேனலை அப்படியே அணைத்துப் போட்டால் உள்ளே ஈரம் கோக்கும்; சின்ன ஹீட்டர் ஒன்றை எரியவிடுகிறோம். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றும், சூடேறும். மெயினை அணைத்தாலும் டிரைவின் கெபாசிட்டரில் சில நிமிடம் உயிர்போகும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். லேபிளில் போட்ட நேரம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கவரைத் திறக்கணும்.

மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் கடையில் கட்டி வாங்கிவிடலாம், டிரைவ் போனால் அவர்கள் கைவைக்க மாட்டார்கள். சீசனில் ஐஸ் நின்றால் முதலாளியிடம் பதில் சொல்ல முடியாது என்பதால் அதே மாடலில் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, பாராமீட்டர்களை எழுதிய தாள் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.