எண்ணெய் டின்னாக வாங்குவதா, பாக்கெட்டாக வாங்குவதா?

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகை நம்பிய வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வருமானம் இல்லை. அதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: சமையல் எண்ணெய் 15 கிலோ டின்னா, வாரம் ஒரு பாக்கெட்டா?

பாக்கெட்டுக்குக் கொஞ்சம் காசு போதும். ஆனால் விலை ஏறினால் அடி அன்றைக்கே விழும். 2022இல் அதுதான் நடந்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திய இந்தோனேசியா மே 23இல்தான் மறுபடி திறந்துவிட்டது. சரியாக நம் தடைக்காலத்தின் நடுவில்! எத்தியோப்பியா போன்ற மிக ஏழை நாடுகளும் பாக்கெட் வாங்குகிறவர் நிலையில்தான் இருக்கின்றன. எண்ணெய்க்கு இறக்குமதியை நம்பியிருக்கின்றன, டாலருக்கும் தட்டுப்பாடு. கையிருப்பு கரைந்தால், ஏறிய விலைக்கே நிரப்ப வேண்டும்.

டின்னுக்கு மொத்தப் பணம் வேண்டும். வட்டிக்கு வாங்கிப் போட்டால் லாபம் போச்சு. திறந்த டின் இந்த வெயிலில் காறல் வாடை அடிக்கும், அதிலும் பாமாயிலைவிடக் கடலை எண்ணெய் சீக்கிரமே.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு டின் வாங்கிப் பங்கு போடலாம். அப்புறம், ரேஷனில் 25 ரூபாய்க்குத் தரும் ஒரு லிட்டர் பாமாயிலை எந்த மாதமும் விடாதீர்கள்.