போட்ல குடியிருந்து அஞ்சு குளிர்காலம், பேட்டரி எனக்கு வச்ச ஆப்பு

லண்டனுக்கு வடமேற்கே கிராண்ட் யூனியன் கால்வாய்ல 57 அடி நேரோபோட்ல (கால்வாய்ல ஓடற ஒடுக்கமான நீள போட்) நானும் மனைவியும் குடியிருந்து இதோட அஞ்சு குளிர்காலம் ஆச்சு. நிரந்தர இடம்னு எதுவும் கிடையாது, ஒரே எடத்துல 14 நாளைக்கு மேல போட்டை கட்டி வைக்கக்கூடாதுங்கற வகை லைசென்ஸ், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கயித்தை அவுத்துட்டு கெளம்பிடணும். அதனால கரையில இருந்து பிளக் சொருகி கரண்ட் எடுக்கற வசதி இல்ல, லைட்டு ஃபிரிட்ஜ் தண்ணி பம்ப் லேப்டாப் எல்லாமே 12 வோல்ட் பேட்டரிலதான் ஓடுது.

எனக்கென்ன தெரியாதா, 2012ல திருச்சியில பாதி நாள் கரண்ட் இல்லாம இன்வெர்ட்டர்ல ஓட்டின குடும்பம்தானேன்னு நெனச்சு தைரியமா வாங்கிட்டேன். அங்க கரண்ட் வந்த உடனே சார்ஜர் தானா வேலையைப் பாத்துக்கும், ராத்திரி பூரா ஏறிட்டே இருக்கும், அப்பா மாசத்துக்கு ஒரு தடவ டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துவாரு, அவ்ளோதான். இங்க ஈபி ஆபீஸே நான்தாங்கறது எனக்கு ஒறைக்க ஒரு வருஷம் ஆச்சு.

போட்டோட வந்தது 110 ஆம்ப் அவர் (ஒரு ஆம்ப் வீதம் எடுத்தா 110 மணி நேரம் வர்ற அளவு) லெட் ஆசிட் பேட்டரி நாலு, மொத்தம் 440. இன்ஜின் ஸ்டார்ட் பண்ண தனியா ஒண்ணு. இன்ஜின் ஓடினா அதோட சேந்து சுத்தி கரண்ட் தயாரிக்கற ஆல்டர்னேட்டர் மொதல்ல ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு ஏத்தும், கொஞ்ச நேரத்துல டிக்னு ரிலேங்கற தானியங்கி சுவிட்ச் ஒட்டற சத்தம் கேக்கும், அதுக்கப்புறம்தான் வீட்டு பேட்டரிக்கு போகும். இந்த பிரிவு இருக்கறதாலதான் வீட்டு பேட்டரி செத்து கெடக்கற காலையிலயும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், இது ரொம்ப நல்ல ஏற்பாடு. 440ல பாதிதான் எடுக்கலாம், அதுக்கு கீழ அடிக்கடி போனா ஆயுசு கொறையும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதையும் ஒழுங்கா கடைபிடிச்சேன். 12.2 வோல்ட் காட்டினா பாதின்னு அர்த்தம், அதுக்கு மேலயே வச்சிருந்தேன். அப்படியும் 14 மாசத்துல நாலும் காலி.

எப்படின்னா, நான் தெனம் ரெண்டு மணி நேரம் இன்ஜின் ஓட்டுவேன். ஆல்டர்னேட்டர் மேல 70 ஆம்ப்னு எழுதியிருக்கு, ரெண்டு மணி நேரம்னா 140, நம்ம ஒரு நாள் செலவு 100, அப்ப தாராளமா போதும்னு கணக்கு. உண்மையில மொத அரை மணி நேரம்தான் 50 கிட்ட ஏறும். வோல்டேஜ் 14.4 தொட்டதும் பேட்டரி தனக்கு வேணுங்கற அளவுக்குத்தான் இழுக்கும், 30 ஆகும், 18 ஆகும், 9 ஆகும். 80 சதவீதம் வரைக்கும் சட்டுனு ஏறிடும், கடைசி 20க்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதை எந்த பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும் அவசரப்படுத்த முடியாது. நான் தெனமும் 80லயே நிறுத்திட்டு இருந்திருக்கேன். முழுசா ஏறாம கெடக்கற லெட் ஆசிட் பேட்டரில தகட்டு மேல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிடும், கொஞ்சம் கொஞ்சமா கொள்ளளவு சுருங்கும். நான் எவ்ளோ எடுக்கறேன்னு பயந்துட்டு இருந்தேன், கொன்னது என்னவோ முழுசா நெறைக்காததுதான்.

சாவு எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன், ஏன்னா இது தெரிஞ்சிருக்கணும். ஜனவரி சாயங்காலம், பர்க்ஹாம்ஸ்டெட் பக்கத்துல கட்டியிருந்தோம், இன்ஜின் மூணு மணி நேரமா ஓடிட்டு இருக்கு, திடீர்னு கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துது. விறகு அடுப்புதான்னு நெனச்சு இன்ஜினை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து, குளிர்ல ரெண்டு பேரும் வெளிய கரையில நின்னோம். மறுநாள் அடுப்பே பத்த வைக்கல, இன்ஜின் ஓட்டின கொஞ்ச நேரத்துல மறுபடியும் கத்துது. பின்னாடி இன்ஜின் ரூம் பலகையை தூக்கினா அழுகின முட்டை நாத்தம். நிறுத்திட்டு நாலு பேட்டரியையும் தொட்டு பாத்தேன், மூணு ஜில்லுனு இருக்கு, ஒண்ணுல கை வைக்க முடியல, பக்கவாட்டு உப்பி போயிருக்கு. ஆறவிட்டு அப்புறமா மூடியை தொறந்தா ஒரு செல்லுல தண்ணியே இல்ல, உள்ள ஷார்ட். அந்த ஒண்ணு 10.5 வோல்ட்ல நின்னுட்டு மத்த மூணையும் உறிஞ்சிட்டு இருந்திருக்கு. சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜனுக்கும் அந்த அலாரம் கத்தும்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்காக அலாரம் கத்தினா பேட்டரிதானேன்னு விட்டுடாதீங்க, மொதல்ல வெளிய போங்க, ஆராய்ச்சி அப்புறம். அப்பா மாசாமாசம் ஊத்தின தண்ணி அன்னிக்கு ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது செட்டுக்கு ஷண்ட் (கரண்டை அளக்கற துண்டு) வச்ச மானிட்டர் போட்டேன், உள்ள போறது வெளிய வர்றது ரெண்டையும் ஆம்ப் கணக்குல எண்ணும். இதுல ஒரு ஏமாத்து இருக்கு. எப்ப 100 சதவீதம்னு நாமதான் அதுக்கு சொல்லி கொடுக்கணும். என்னுதுல சார்ஜ் கரண்ட் கொள்ளளவுல 4 சதவீதத்துக்கு கீழ வந்தா முழுசுன்னு செட்டிங் இருந்துச்சு, அதாவது 17 ஆம்ப் இன்னும் ஏறிட்டு இருக்கும்போதே 100ன்னு காட்டிடும், நானும் நம்பி இன்ஜினை அணைச்சிடுவேன். அதை 1க்கு கொறைச்சேன். 14.4ல நிக்கணும், கரண்ட் 4, 5 ஆம்புக்கு எறங்கணும், அப்பதான் நெறைஞ்சுது. வாரத்துக்கு ஒரு நாளாவது அங்க கொண்டு போய் விட்டேன், பெரும்பாலும் போட் நகர்த்தற நாள்ல. ராத்திரி 8 மணிக்கு மேல காலைல 8 வரைக்கும் நின்ன எடத்துல இன்ஜின் ஓட்டக்கூடாதுன்னு விதி இருக்கறதால காலைலயே ஆரம்பிச்சிடணும். அந்த செட்டு மூணு வருஷம் கிட்ட ஒழைச்சுது.

மானிட்டர் வந்ததுல இன்னொரு நன்மை, வீட்டு சண்டை தீர்ந்துச்சு. மனைவி ஊர்ல இருந்து கொண்டு வந்த 750 வாட் மிக்ஸி, இன்வெர்ட்டர்ல போட்டா மீட்டர் 70 ஆம்ப் காட்டும், லைட்டு லேசா மங்கும், நான் "சட்னி அரைச்சே பேட்டரிய காலி பண்ணிடுவ"ன்னு கத்துவேன். ஒரு நாள் அவளே உக்காந்து கணக்கு போட்டா. மூணு நிமிஷம் 70 ஆம்ப்னா மூணரை ஆம்ப் அவர். என் ரவுட்டர் ஒரு ஆம்ப், 24 மணி நேரம், 24 ஆம்ப் அவர். சும்மா ஆன்ல கெடக்கற இன்வெர்ட்டரே இன்னொரு ஒரு ஆம்ப், அது ஒரு 24. "உங்க வைஃபை ஒரு நாள் தின்னறதுல நான் ஏழு தடவ சட்னி அரைப்பேங்க"ன்னா. இப்ப வேலை முடிஞ்சதும் இன்வெர்ட்டரை அணைச்சிடறேன், போன் லேப்டாப் ரெண்டுக்கும் 12 வோல்ட் சார்ஜர். எலக்ட்ரிக் கெட்டில் மட்டும் வாங்கிடாதீங்க, 2000 வாட்னா 180 ஆம்புக்கு மேல இழுக்கும், கேஸ் இருக்கறப்ப அது வேண்டாத வேலை.

சோலார் பத்தி நெறைய எழுத ஒண்ணுமில்ல. கூரையில 175 வாட் பேனல் ரெண்டு, ஜூன்ல நல்ல நாள்ல 100 ஆம்ப் அவர் வரும், இன்ஜின் பக்கமே போக வேண்டாம். டிசம்பர்ல 10 வந்தா பெரிசு. நம்மூர் வெயில வச்சு கணக்கு போட்டு வாங்காதீங்க.

போன வருஷம் லித்தியத்துக்கு மாறினேன், 280 ஆம்ப் அவர் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். முழுசா நெறைக்கணும்னு கட்டாயமே இல்ல, பாதில கெடந்தா அதுக்கு சந்தோஷம், அதுக்காகவே காசு தகும். ஆனா அப்படியே தூக்கி மாட்டற சமாச்சாரம் இல்ல. குடுக்கற கரண்டை எல்லாம் கடைசி வரைக்கும் இழுத்துட்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறி கருகிடும், நடுவுல பிஎம்எஸ் (பேட்டரிய காவல் காக்கற சர்க்யூட்) பட்டுனு கட் பண்ணினா ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும். அதனால நடுவுல, ஏத்தற கரண்டை அளவா விடற 30 ஆம்ப் டிசி டு டிசி சார்ஜர் ரெண்டு போட்டிருக்கேன். பழைய கையேட்டுல இருக்கற வோல்டேஜ் கணக்கும் செல்லாது, பாதி பேட்டரி வரைக்கும் 13.2 கிட்டயே நிக்கும், மானிட்டர் இல்லாம குருட்டாம்போக்குதான். ஒரு பனி காலைல சார்ஜே ஏறல, என்னமோ போச்சுன்னு பயந்துட்டேன், பாத்தா இன்ஜின் ரூம் பூஜ்யம் டிகிரிக்கு கீழ, அந்த குளிர்ல பிஎம்எஸ் ஏத்த விடாது, விடவும் கூடாது. இப்ப பேட்டரி வீட்டுக்குள்ள படிக்கு அடியில இருக்கு.

ஃபிரிட்ஜ் மட்டும் ரொம்ப நாளா மக்கர். பேட்டரி பாதிக்கு மேல இருக்கும்போதே லோ வோல்டேஜ்னு நின்னுடும். கம்ப்ரசரை மாத்தலாம்னு விலை கூட விசாரிச்சேன். கடைசில மல்டிமீட்டரை ஃபிரிட்ஜ் பின்னாடி வச்சு பாத்தா, பேட்டரில 12.4, இங்க ஓடும்போது 11.3. முன்னாடி இந்த போட்டை செஞ்சவங்க 2.5 சதுர எம்எம் வயர்ல 15 மீட்டர் இழுத்திருக்காங்க, போய் வர 30 மீட்டர், 5 ஆம்புக்கு ஒரு வோல்ட்டு வழியிலயே போயிடுது. 16 சதுர எம்எம் கேபிள் வாங்கி மூணு வாரமா கட்டிலுக்கு அடியில சுருட்டி வச்சிருக்கேன். லித்தியம் வந்தப்புறம் ஃபிரிட்ஜ் ஒழுங்கா ஓடறதால தரைப்பலகையை பேக்க மனசு வரல, மனைவி தெனம் கால் இடிச்சுக்கறா.