பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர: டிப்ளமோவா, பி.எஸ்சி.யா?

வடசென்னையின் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில், பிறகு பொறியியல் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகளின் முதல் படிப்பு முடிவாகிறது. பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை அதற்கு வழி தருகிறது என்பது உண்மையே. ஆனால் பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும் அங்கே ஒரே நிலையில் போய் நிற்பதில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ வழியே பி.இ. முடிக்க 6 ஆண்டுகள் ஆகும். பிளஸ் டூ முடித்து நேராக பி.இ. சேர்ந்தாலும் அதே 6 ஆண்டுகள்தான். பி.எஸ்சி. வழியே போனால் 8 ஆகிவிடும். இதற்கு மேல், இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான கூடுதல் இடங்களை டிப்ளமோ மாணவர்களைக் கொண்டு நிரப்பிய பிறகே பி.எஸ்சி. மாணவர்களைக் கருத வேண்டும் என்றும், அவ்வாறு சேர்வோர் முதலாண்டின் பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் ஆகிய பாடங்களையும் சேர்த்து எழுதித் தேற வேண்டும் என்றும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கையேடு முன்பு விதித்திருந்தது; இப்போதைய விதியைச் சேருமுன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடச்சுமையில் நிலைமை தலைகீழாகிறது. பட்டறைப் பயிற்சியும் வரைபடமும் கைவந்த டிப்ளமோ மாணவர்கள், பி.இ. முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலேயே பல பிரிவுகளின் மூன்றாம் செமஸ்டரில் உயர்கணிதப் பகுதிகளான ஃபூரியே தொடர்களையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் எதிர்கொள்கிறார்கள். அரியர் விழத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். பி.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு இந்தத் தாள் அச்சம் தராது. ஆகவே டிப்ளமோவின் கடைசி ஆண்டிலேயே பிளஸ் டூ நுண்கணிதத்தைத் தனியாகப் படித்து முடித்துவிடுவது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

மாற்றம் கைகூடாமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் டிப்ளமோவுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் வாகனத் தொழிற்சாலை, வடசென்னை அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் பொருத்தமான வேலைகள் உண்டு. பி.எஸ்சி. பட்டத்துக்கு எம்.எஸ்சி., பி.எட்., குரூப் 2 தேர்வு எனக் கதவுகள் வேறு.

அரசுப் பள்ளி மாணவர்கள் மட்டும் ஒன்றை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் பி.இ. சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

பி.எஸ்சி. கணினி அறிவியலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு, மென்பொருள் வேலைதான் குறிக்கோள் என்றால், மூன்று ஆண்டு பி.இ.யைவிட இப்போது இரண்டே ஆண்டாகிவிட்ட எம்.சி.ஏ. பொருத்தமானது.