அன்பியப் பொறுப்பாளர் பயிற்சி: கூட்டம் நடத்தச் சொல்லித் தருகிறார்கள், கணக்கில்தான் குறை

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களில், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கக் கூடுகிற சின்னக் குழுதான் அன்பியம். அதன் பொறுப்பு தலையில் விழுந்ததும் நமக்குக் கிடைப்பது ஒரு நோட்டும் ஒரு ரசீதுப் புத்தகமும்தான். கூட்டத்தை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முந்தின பொறுப்பாளர் செய்ததைப் பார்த்து நாமும் செய்கிறோம். செபமாலை, ஒரு பாட்டு, வாசகம், சந்தா வசூல், சாயா. முப்பது வீடு இருக்கிற இடத்தில் எட்டு வீட்டார் வருவார்கள், அதிலும் பேசுவது இரண்டு பேர். இதை மாற்ற வழி தேடுகிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கன்னியர் மடத்தின் மையத்தில் அன்பியப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி நடக்கிறது. சனி காலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும். தங்க, சாப்பிட, கையேடு எல்லாம் சேர்த்து 500 ரூபாய். பாதியை எங்கள் பங்கிலேயே கொடுத்தார்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடையைப் பூட்டினால் நஷ்டம்தான். ஆனாலும் போனது வீண் இல்லை.

சாப்பாடு, தங்குமிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனி மதியம் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும், ராத்திரி கஞ்சியும் பயறும். ஞாயிறு காலை மரச்சீனிக் கிழங்கு. எல்லாம் ருசியாக இருந்தது. அறை சுத்தம், கொசுதான் அதிகம். கொசுவர்த்தி கொண்டு போங்கள்.

பயிற்சியின் முதுகெலும்பு நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிறுவனத்தில் உருவாகி, உலகம் முழுக்கப் பரவிய முறை இது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை எடுத்துத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வது, என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவது, கடைசியில் செபம். நமக்கும் இது புதிது இல்லை. ஆனால் பல அன்பியங்களில் ஐந்தாவது படி முடிந்ததும் நேராக செபத்துக்குப் போய்விடுகிறோம், ஆறாவது படி காணாமல் போகிறது. பயிற்சி கொடுத்த சிஸ்டர் அதிக நேரம் அந்த ஆறாவது படியில்தான் நின்றார். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று பெயர் போட்டு எழுத வைத்தார். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்த நோட்டைத் திறக்க வேண்டும். “பார்த்துக்கலாம்னு எழுதினா அடிச்சுப் போடுங்க” என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது புளியங்கொட்டைப் பயிற்சி. எட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும். மூன்றும் போய்விட்டால் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், எல்லாம் தெரிந்தவர். அவர் கையிலிருந்த மூன்றும் சீக்கிரமே தீர்ந்துபோயின. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா, முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவர், மூன்றையும் உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தார். யாரும் பேச முடியாமல் கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தோம். அப்புறம் அவர் ஒரு கொட்டையை மெதுவாக நடுவில் வைத்துவிட்டு, “எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி படுத்த படுக்கையா கெடக்கு, நன்மை (நற்கருணை) வாங்கி நாளாச்சு, யாரும் கேக்கல” என்றார். அதுவரை அந்த வட்டத்தில் பேசியதெல்லாம் திருவிழாவுக்கு மைக் செட் யாரிடம் எடுப்பது என்பதுதான். அந்த ஆசிரியரே பிறகு எழுந்து, “சிஸ்டர், இதை நான் எங்க பங்குல கட்டாயம் செய்வேன்” என்றார்.

புனித தேவசகாயத்தை வைத்து நடத்திய வகுப்பும் நன்றாக இருந்தது. நட்டாலத்தில் பிறந்தவர், குருவும் அல்ல, துறவியும் அல்ல. மணமானவர், அரண்மனையில் வேலை பார்த்தவர். 1745-ல் திருமுழுக்குப் பெற்று, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் அவர் சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதைச் சொல்லிவிட்டு, சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். நம் அன்பியத்தில் இதுவரை கூட்டமே வைக்காத வீடுகளை எழுதி, பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். ‘வீடு சின்னது’, ‘உட்கார இடமில்லை’ என்றே பலரும் எழுதினார்கள். “அவங்க சொன்னாங்களா, நீங்களா முடிவு பண்ணினீங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தத் தாளை எழுதிப் பார்க்க வேண்டும்.

2023 அக்டோபரில் வத்திக்கானில் நடந்த ஆயர் மாமன்றத்தில் கர்தினால்களும் ஆயர்களும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் கலந்து உட்கார்ந்த படத்தைக் காட்டினார்கள். ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதல்முறையாக வாக்களித்தது அப்போதுதான். பின்வரிசையில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

இனி குறை. நம் ஊரில் கோயில் சண்டை எங்கே வருகிறது? வேத வசனத்தில் வருவதில்லை. கோயிலுக்குக் கட்டுகிற குடும்ப வரி, திருவிழாச் செலவு, கட்டட நிதி, இவற்றில்தான் வருகிறது. அதற்கு ஒதுக்கியது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முந்தின கொஞ்ச நேரம் மட்டும். திருச்சபைச் சட்டம் 537-ன்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம், 536-ன்படி பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு என்று வாசித்தார்கள். பங்குப்பேரவைதான் எல்லாம் முடிவு செய்யும் என்று நினைக்கிற பல பேருக்கு இது புதுச் செய்தி. அறையில் சலசலப்பு வந்தது. அங்கேதான் நின்று பேசியிருக்க வேண்டும். ஒரு அண்ணன் நேரடியாகவே கேட்டார்: “வரி பாக்கி இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்க விடமாட்டோம்னு ஊர்ல சொன்னா, அன்பியப் பொறுப்பாளர் என்ன செய்யணும்?” பங்குத்தந்தையிடம் பேசுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அவ்வளவுக்கு எங்களுக்கே தெரியும். பணமும் மனிதரும் மோதுகிற இடத்தில் நிற்கத் தெரியாமல் எத்தனையோ நல்லவர்கள் பொறுப்பை விட்டு ஒதுங்கிவிட்டார்கள். கணக்கு எழுதுவது, அதை எல்லார் முன்னாலும் வாசிப்பது, கோபமாகக் கேட்பவரைச் சமாளிப்பது, இதற்கு அரை நாளாவது வேண்டும். கருத்துப் படிவத்திலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று, கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் குறைவு. மீன் விற்கிற பெண்கள் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? நம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஒரு முழு நாளாக, குளச்சல் பக்கம் ஏதாவது ஒரு பங்கில் வைத்தால் நிறையப் பேர் வருவார்கள்.

போகிறவர்கள் ஒரே அன்பியத்திலிருந்து இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் இளவயதாக இருக்கட்டும். தனியாகப் போனால் திரும்பி வந்து புதிதாக எதைச் சொன்னாலும் ‘இவளுக்கு என்ன ஆச்சு’ என்பார்கள். நான் எங்கள் தெருவில் டிப்ளமோ படிக்கிற தம்பியைக் கூட்டிப் போனேன். இப்போது வாசகமும் மூன்றாவது படியும் அவன் பொறுப்பு. முன்பு வராத இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அவனுக்காக வருகிறார்கள்.

பதிவு செய்ய பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். கையேடு தமிழில்தான் இருக்கிறது, எழுத்து கொஞ்சம் பொடி, வயதானவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம். ஏழு படி அட்டை தனியாகக் கேட்டால் தருவார்கள், வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.